மூக்குத்திக்குப் பிடிக்காத வீடு

லிஃப்டில் ஏறியவுடன் ஜெனோவா தன் வீட்டு மானம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள். 4சி: முப்பத்தேழு. நேற்று மாலை முப்பத்தொன்பது. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு மட்டும்தான்.

லிஃப்ட் திரையில் ஓடிய காற்று மதிப்பெண் பட்டியலின் உச்சியில் வழக்கம்போல் 9ஏ. சங்கச் செயலாளர் சபேசனின் வீடு. நூற்றுக்கு நூறு. பக்கத்தில் ஒரு சின்னத் தாமரைப் படம் வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அடுக்ககத்தின் பெயர் தென்றல் வளாகம். பதினாறு மாடி, தொண்ணூற்றாறு வீடு, சன்னல் ஒன்றுகூடத் திறக்காது. சென்னையின் காற்று மனிதர்களுக்கு உகந்ததல்ல என்று முடிவான பிறகு கட்டிய கட்டடம். மொட்டை மாடியில் ஓர் இயந்திரம் காற்றைக் கழுவித் துடைத்துக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்பும். ஒவ்வொரு வீட்டுக் கூடத்துச் சுவரிலும் துவரம்பருப்பு அளவில் ஓர் உணர்கருவி. ‘நல்மூச்சு’ நிறுவனம் அதற்கு வாய் கொள்ளாத பெயர் ஒன்று வைத்திருந்தது. ஜனங்கள் அதை மூக்குத்தி என்றார்கள். காற்று நன்றாக இருந்தால் பச்சைக்கல், கெட்டால் சிவப்புக்கல்.

மூன்று மாதம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போகும் வீட்டின் காற்றுக்குழாயை மூடலாமா என்று பொதுக்குழு ஓட்டுப் போடும். சங்கம் இதுவரை யாரையும் காலி செய்யச் சொன்னதில்லை. அதில் அவர்கள் பெருந்தன்மையானவர்கள். காற்றை மட்டும் நிறுத்துவார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு 4சி-யின் முறை.

ஜெனோவாவுக்கு இந்த வீடு போனால் வேலையும் போகும். நாலு தெரு தள்ளியிருந்த பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர் மெக்கானிக் அவள். மின்சாரம் போன பத்தாவது நிமிடம் அவள் அங்கே நிற்க வேண்டும் என்பது வேலையின் நிபந்தனை. பத்து நிமிடத் தூரத்தில் வேறு வீடு கிடைப்பதைவிட, சங்கத்தில் வேறு செயலாளர் கிடைப்பது எளிது. அதுவே பதினோரு வருடமாக நடக்கவில்லை.

அவளுடைய கணவன் ரெமிஜியூஸ் பள்ளி வேன் ஓட்டுபவன். வேறு யாராவது தன் காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்கும் ரகம்.

“ஏட்டி, பேசாம கருவாட்ட விட்டுருவமா?” என்றான் அன்று சாப்பிடும்போது. சொல்லிக்கொண்டே நான்காவது நெத்திலியை எடுத்தான்.

“மொத அந்தக் கைய எடுங்க, பொறவு பேசுவோம்.”

“இல்லட்டி, ஒரு யோசன. பாட்டிலோட கொண்டுபோயி மீட்டிங்ல குடுத்துருவோம். எல்லாரும் பாக்க. ‘ஐயா, இனிமே எங்க வீட்டுல இது கெடையாது’ன்னு.”

“துப்பாக்கியா வச்சிருக்கோம், ஒப்படைக்கதுக்கு? நெத்திலிங்க அது. தூத்துக்குடில இருந்து எங்கம்மா பஸ்ல குடுத்தனுப்புனது.”

“காத்தில்லாம எப்படி இருக்க?”

“பாத்துக்கிடலாம். மொத அந்த மெசினு என்னதான் மோந்து பாக்குன்னு கேப்போம்.”

மறுநாள் சாயங்காலம் நல்மூச்சு நிறுவனத்தின் பராமரிப்பாளர் அப்சல் பாய் வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, தோளில் தொங்கும் கையடக்கக் கணினி. ஏறாத வீடில்லை, குடிக்காத தேநீரில்லை என்பதால் அவருக்குக் கட்டடத்தின் எல்லா ரகசியமும் தெரியும்.

“பாய், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கருவாடு வறுத்தா காத்து கெட்டுப்போவுமா?”

“வாடை வரும் சிஸ்டர். கெட்டெல்லாம் போவாது. வறுக்கறப்ப கொஞ்சம் புகை, அவ்ளோதான். பக்கத்து வீட்ல பன்னெண்டு ஊதுபத்தி கொளுத்துறாங்களே, அதுல இன்னும் ஜாஸ்தி.”

“அவங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு. எங்களுக்கு முப்பத்தேழு.”

அப்சல் பாய் தேநீரை ஊதினார். “மெசினுக்கு நல்லது கெட்டது தெரியாது சிஸ்டர். யாரு எதுக்குப் புகார் குடுத்தாங்கன்னுதான் தெரியும். ரெண்டு வருசம் முன்னாடி பழகும் வாரம்னு ஒண்ணு வெச்சோமே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. புதிதாகக் குடிவந்திருந்த நேரம். ஏழு நாள், தினமும் மாலை மூக்குத்தி ஒவ்வொரு வீட்டிடமும் கேட்கும்: இப்போது வரும் வாசனை பிடிக்கிறதா, புகார் உண்டா? அந்த வாரம் 5பி-யில் கட்டிலுக்கு வார்னிஷ் அடித்தார்கள். 3சி-யில் ரோஜா மணம் என்ற பெயரில் எதையோ பீச்சினார்கள், கண் எரிந்தது. ஜெனோவாவும் ரெமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்து நாலு நாள் ஆகவில்லை, அக்கம்பக்கத்தில் குறை சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஏழு நாளும் பொத்தானைத் தொடவே இல்லை.

“அதான் தப்பு,” என்றார் அப்சல் பாய். “புகாரே குடுக்காத வீடு எதுன்னு மெசின் பாத்துச்சு. 4சி. சரி, இவங்களுக்கு மூக்கு இல்ல, இவங்க பேச்சக் கணக்குல எடுக்க வேணாம்னு முடிவு பண்ணிடுச்சு.”

“மரியாதைக்கி இருந்தோம் பாய்.”

“மரியாதைக்குன்னு மெசின்ல பட்டன் இல்லியே.”

அவர் கணினியில் பட்டியலைத் திறந்து காட்டினார். கருவாடு: நானூற்றுப் பன்னிரண்டு புகார். முட்டை: நூற்றெட்டு. ஊதுபத்தி: பூஜ்யம், அதற்கு முந்நூறு பாராட்டு. ரோஜா மணம்: இருநூற்றறுபது பாராட்டு. ஜெனோவா விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனாள். பட்டியலின் கடைசியில் நின்றாள்.

“கார்பன் மோனாக்சைடுக்குப் பூஜ்யமா?”

“ஆமா.”

“பாய், நான் ஜெனரேட்டர்காரி. மூடுன ரூம்ல எஞ்சின ஓட்டிட்டு ஒக்காந்தா ஆளக் கொல்லுத வாயு அது.”

“கொல்லும் சிஸ்டர். மூக்குத்தி அத அளக்கவும் செய்யுது. ஆனா அது மூக்குக்கே தெரியாதே, யாரு புகார் குடுப்பா? புகார் இல்லாததுக்கு மெசின் மார்க் கொறைக்காது.”

“அலாரம் இருக்குமே?”

“இருந்துச்சு. பழகும் வாரத்துல ஒரு மத்தியானம் கத்துச்சு. யாரோ பார்க்கிங்ல பழைய காரை ஓடவிட்டுட்டுப் போயிட்டாங்க. சத்தம் தாங்கலன்னு எழுபது பேர் புகார். அதுலருந்து வாயே தொறக்கறதில்ல.”

ஜெனோவா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

“இன்னொண்ணு சொல்லவா?” அப்சல் பாய் குரலைத் தாழ்த்தினார். “மார்க் நெறைய இருக்கற வீட்டுக்கு மெசின் காத்தைக் கம்மி பண்ணிடும். சுத்தமா இருக்கறவனுக்கு எதுக்குப் புதுக் காத்துன்னு. 9ஏ-க்குச் சொட்டு சொட்டாத்தான் போகுது. உங்க வீட்ல நீங்க ஒவ்வொரு தபா வறுக்கறப்பவும் மொத்தத்தையும் உறிஞ்சித் தள்ளிட்டு புதுசு விடுது. உண்மையச் சொன்னா, இந்தக் கட்டடத்துலயே சுத்தமான காத்து உங்க வீட்லதான் இருக்கு.”

“இத மீட்டிங்ல சொல்லுவீங்களா?”

“சொல்லலாம். திரையில படம் போட்டுத்தான் சொல்லணும். படத்துக்கு ஹெட் ஆபீஸ் அனுமதி வேணும். அனுமதி வர ஒரு மாசம்.” தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை லிஃப்டில் செயலாளரின் மனைவி கோமளா நின்றிருந்தார். கையில் அர்ச்சனைக் கூடை, முகம் வெளிறியிருந்தது. நாளைக்குத் தன் கணவர் இவள் வீட்டுக் காற்றை நிறுத்தப்போகிறார் என்பது அவருக்குச் சங்கடமாக இருந்ததால் வேறு எதையாவது பேசியாக வேண்டியிருந்தது.

“ஒரு மாசமா தலைவலி உயிர் போறதும்மா. குளிச்சிட்டு வந்தா விண்ணு விண்ணுனு தெறிக்கறது. கோயிலுக்குப் போய் அரை மணி உட்கார்ந்தா சரியாப் போயிடறது.”

“டாக்டர்ட்ட காட்டுனீங்களாம்மா?”

“அவர் ஒண்ணுமில்லைங்கறார். இவர் என்னடான்னா, நம்மாத்து சாமி மேல உனக்குப் பக்தி பத்தலைங்கறார்.”

லிஃப்ட் கதவு திறந்தது. கோமளா இறங்கும்போது மெல்லச் சொன்னார்: “நாளைக்கு என் ஓட்டு உனக்குத்தான். இவர்கிட்ட சொல்லிடாதே.”

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளக் கூடத்தில் எண்பது பேர் கூடினார்கள். வேறெந்தப் பொதுக்குழுவுக்கும் முப்பதைத் தாண்டியதில்லை. ஒரு வீட்டின் காற்றை நிறுத்துவது என்றால் மக்களுக்கு ஆர்வம் வருகிறது. அப்சல் பாய் நிறுவனத்தின் சார்பில் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தார். ஜெனோவா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ரெமி, மடியில் ஒரு துணிப்பை. பையை அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

“பாட்டிலக் கொண்டாந்துட்டியளா?”

“மூணு கவர் போட்டுச் சுத்திருக்கேன்ட்டி. வாடையே வராது. ஒருவேள மன்னிப்புக் கேட்டா…”

சபேசன் எழுந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. அவருக்கும் இரண்டு வாரமாகக் கிறுகிறுப்பு. பொதுப்பணியின் களைப்பு என்று அதற்குத் தானே காரணம் கண்டுபிடித்திருந்தார்.

“தீர்மானத்துக்குப் போறதுக்கு முந்தி, நூறு மார்க் எடுக்கறது எப்படின்னு நாலு வார்த்தை சொல்லிடறேன். எல்லாரும் கேக்கறேள். ரொம்ப நாளா நான் தொண்ணூத்தெட்டுதான். எங்கேர்ந்து ரெண்டு போறதுன்னு தேடினேன். கடைசியில பார்த்தா, குளியலறை வென்டிலேட்டர்! இந்தக் கட்டடத்துல அடைக்காம விட்ட ஒரே ஓட்டை அதான். அது வழியா நாலாவது மாடி நாத்தம்…” ஜெனோவாவைப் பார்த்தார், “…மணம் ஏறி வந்துண்டிருந்தது. போன மாசம் ஸ்பாஞ்ச் வெச்சு, டேப் ஒட்டி, சுத்தமா அடைச்சேன். கதவுக்கும் ரப்பர் போட்டேன். மறுநாளே நூறு!”

கைதட்டினார்கள். ஜெனோவாவின் மேல்கால் கீழே இறங்கியது.

“சார், ஒங்க வீட்டு கீசர் கரண்ட்டா, கேஸா?”

“உனக்குப் பேச அப்புறம் நேரம் தரேன்.”

“கரண்ட்டா, கேஸா சார்?”

“கேஸ்தான். ஏன்?”

“கோமளாம்மா எங்க?”

“குளிச்சிட்டு வரேன்னா. வருவா.”

“எப்பம் போனாவ?”

சபேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அடைத்த குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் மூடிய அறையில் ஓடும் எஞ்சினும் ஒன்றுதான். ஜெனோவா பேச்சை அதோடு நிறுத்திவிட்டாள். சபேசனின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். பின்னால் அப்சல் பாய், அவருக்குப் பின்னால் பையை நெஞ்சோடு அணைத்தபடி ரெமி. கூடத்தில் யாரோ, “ஓட்டுக்குப் பயந்து ஓடுறா பாரு” என்றார்கள்.

9ஏ வாசலுக்கு வெளியே கேஸ் வால்வு இருந்தது. முதலில் அதை மூடினாள். சபேசன் பூட்டைத் திறந்தார். கதவை விரியத் திறந்து வைத்து உள்ளே போனார்கள். சுவரில் மூக்குத்தி பச்சையாக மின்னியது.

“வணக்கம்,” என்றது இனிய குரலில். “உங்கள் காற்று நூற்றுக்கு நூறு.”

குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள். கூப்பிட்டார்கள். பதில் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ரெமி மன்னிப்புக் கேட்காமல் தோளால் இரண்டு முறை மோதினான். சபேசன் நல்ல கதவாகப் பார்த்துப் போட்டிருந்தார். அசையவில்லை.

ஜெனோவா எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. மூன்று கீல், பன்னிரண்டு திருகு.

“பாய், உள்ள காத்துக்குழாய்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கில்லா? அத முழு வேகத்துல போடுங்க.”

“நம்ம கையில இல்ல சிஸ்டர், மெசின்தான் போடணும். நூறு மார்க் இருக்கு, போடாது. ஹெட் ஆபீஸுக்கு எழுதினா நாப்பத்தெட்டு மணி நேரத்துல…”

“எவ்வளவுக்குக் கீழ போனா போடும்?”

“இருவது. இருவதுக்குக் கீழ போனா எல்லாக் குழாயும் தொறந்து மொத்தத்தையும் இழுத்துடும்.” சொல்லி முடித்த அப்சல் பாயின் கண் மெல்ல ரெமியின் பைக்குப் போனது.

ஜெனோவா திரும்பவே இல்லை. இரண்டாவது திருகு சுழன்றுகொண்டிருந்தது. “ரெமி, பாட்டில சார்ட்ட குடுங்க. நீங்க கதவப் பிடிங்க. சார், ஒங்க கரண்ட் அடுப்புல தோசக்கல்லப் போட்டு, நல்லாச் சூடாக்கி, அம்புட்டையும் கொட்டுங்க. எண்ணெ ஊத்த வேண்டாம்.”

“எங்காத்து அடுப்புலயா?”

“சார்.”

அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, சபேசன் ஓடினார். மூன்று கவரையும் பல்லால் கிழித்தார். அறுபத்தாறு வயதில் முதன்முறையாகக் கருவாடு வறுத்தார். கல்லில் விழுந்ததும் அது சடசடத்தது. சமையலறையிலிருந்து அழுகையும் இருமலும் கலந்த குரல் வந்தது:

“இதைத் திருப்பிப் போடணுமா?”

“போடுங்க சார்! கருகுனாலும் நல்லதுதான்!” என்றான் ரெமி.

மணம் சமையலறையைத் தாண்டியது, பூஜை அலமாரியைத் தாண்டியது, கூடத்துக்கு வந்து மூக்குத்தியைத் தொட்டது. பச்சைக்கல் ஒரு கணம் தயங்கியது, நம்ப முடியாததைப் போல. பிறகு ரத்தச் சிவப்பு.

“அபாயம். கருவாடு. அபாயம். கருவாடு. குடியிருப்போர் அமைதி காக்கவும்.”

சுவர்களுக்குள் ஏதோ உறுமியது. கூரையில் இருந்த மூடிகள் அத்தனையும் படபடவெனத் திறந்தன. திரைச்சீலைகள் எழும்பின, நாட்காட்டியின் தாள்கள் பறந்தன. குளியலறைக்குள் விசிறி முழு வேகத்தில் சுழலும் சத்தம் கேட்டது. கதவில் ஒட்டிய ரப்பர் உள்ளிழுப்பில் பிதுங்கியது.

பன்னிரண்டாவது திருகு விழுந்தது. ரெமி கதவைப் பெயர்த்துச் சாய்த்தான். கோமளா ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் மூடியிருந்தது, மார்பு மேலெழுந்து தாழ்ந்தது. ஜெனோவா அவரை அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்து வந்தாள். நாலு தெரு தள்ளியிருந்த மருத்துவமனைக்கு அவளுக்குக் குறுக்கு வழி தெரியும். ரெமியின் பள்ளி வேன் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக ஓடியது.

பிராணவாயு ஏற்றிய இரண்டாவது மணி நேரத்தில் கோமளா கண்ணைத் திறந்தார். முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

“உங்க மேல என்ன வாசனை?”

சபேசன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்று மாலை லிஃப்டில் பட்டியல் மாறியிருந்தது. 9ஏ: பதினொன்று. தாமரையைக் காணவில்லை. மூக்குத்தி தன் கடமையில் தவறாது. அபாய அளவைத் தாண்டிய வீட்டுக்குத் தானாகவே கடிதம் அடித்து அனுப்பியிருந்தது. ‘திரு. சபேசன் அவர்களுக்கு, தங்கள் இல்லத்திலிருந்து கடுமையான கருவாட்டு வாடை வெளியானது கண்டறியப்பட்டுள்ளது. ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. இப்படிக்கு, சபேசன், செயலாளர்.’

அவர் அதை எடுத்துக்கொண்டு 4சி-க்கு வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். ரெமி தேநீர் கொடுத்தான்.

“ரெண்டு வருஷமா நான் எல்லாருக்கும் அனுப்பற கடுதாசி,” என்றார். “இதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு எனக்கே தெரியலை.”

“வறுத்தேன், சாப்பிடலன்னு எழுதுங்க சார்,” என்றாள் ஜெனோவா.

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. “அந்த ஓட்டையை உங்காத்து மணத்துக்காகத்தான் அடைச்சேன்,” என்றார்.

“தெரியும் சார். டீயக் குடிங்க, ஆறுது.”

அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் 4சி மீதான தீர்மானத்தைக் கைவிடும்படி முன்மொழிந்தவர் சபேசன். வழிமொழிந்தவர் கோமளா. ஆர்வமான விஷயம் ஏதும் இல்லாததால் இருபத்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். அந்த இருபத்தாறு பேரும் இன்னொன்றும் முடிவு செய்தார்கள்: மூக்குத்தி கற்றதையெல்லாம் அழித்துவிட்டு, பழகும் வாரத்தை முதலிலிருந்து நடத்துவது.

அந்த வாரத்தின் முதல் மாலை. ரெமி சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடியிலிருந்து புதுப் பாட்டில் வந்திருந்தது. பக்கத்து வீட்டு ஊதுபத்தியும் 3சி-யின் ரோஜாவும் வழக்கம்போல் வந்து கலந்தன. மூக்குத்தி குழந்தையைப் போல ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக மின்னிக்கொண்டு கேட்டது: “இப்போது ஏதேனும் புகார் உண்டா?”

“ரோஜாவுக்கு ஒண்ணு போடுட்டி,” என்றான் ரெமி. “தைரியமா போடு.”

“ரோஜா என்ன செஞ்சுது, கெடக்கட்டும்.”

ஜெனோவா பட்டியலைக் கடைசிவரை தள்ளினாள். கார்பன் மோனாக்சைடு: பூஜ்யம். இந்த வீட்டிலிருந்து யாரும் ஒருபோதும் தொடாத புகார்ப் பொத்தானை அழுத்தினாள். காரணம் என்ன என்று ஒரு பெட்டி திறந்தது. துர்நாற்றம், புகை, கண் எரிச்சல், சத்தம், அண்டை வீட்டார் பழக்கவழக்கம். எதுவும் பொருந்தவில்லை. ‘மற்றவை’ என்பதைத் தொட்டு, நிதானமாகத் தட்டினாள்:

வாசனையே இல்லை.